ஓங்பின் தெரு முனையில ஒரு ஜன்னல்: மணிலா டைரி

நாள் 1

மணிலா வந்து சேர்ந்தாச்சு மக்களே. சென்னையில இருந்து கோலாலம்பூர், அங்க நாலு மணி நேரம் காத்திருந்து இன்னொரு ஃப்ளைட், இறங்கி வெளிய வந்தா மழை. 2025 ஜூன்ல இருந்து நம்ம ஆளுங்களுக்கு 14 நாள் வரைக்கும் விசா இல்லாமலே வரலாம்னு ஆக்கிட்டாங்க, அதைக் கேள்விப்பட்ட அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எல்லாரும் பிலிப்பைன்ஸ்னா பீச்சுக்குப் போவாங்க, நீ ஏன் மணிலாவுக்குள்ளயே ஆறு நாள் சுத்தப் போறேன்னு வீட்டுல கேட்டாங்க. லினோ ப்ரோக்காவுக்காகத்தான்னு சொன்னேன், அது யாருன்னாங்க. பிலிப்பைன்ஸ் சினிமா டைரக்டர். அதுக்குத்தான் இந்த டைரி.

சில வருஷம் முன்னாடி ஃபிலிம் சொசைட்டியில 1975ல எடுத்த அவரோட படம் ஒண்ணு போட்டாங்க. "மய்னிலா, சா மங்கா கூகோ நங் லிவானக்". வெளிச்சத்தோட நகங்களுக்குள்ள மாட்டிக்கிட்ட மணிலான்னு அர்த்தம் வரும். 2013ல புதுப்பிச்ச பிரிண்ட். படம் முடிஞ்சு லைட் போட்டப்புறமும் எந்திரிக்க முடியல. அன்னைக்கு ராத்திரியே அந்தாளைப் பத்தித் தேட ஆரம்பிச்சேன், இன்னும் நிக்கல.

ஏர்ப்போர்ட்ல இருந்து ரூமுக்கு வந்து பையைப் போட்டுட்டு முதல் வேலையா ஜீப்னி ஏறினேன். கலர் கலரா பெயின்ட் அடிச்சு, பின்னாடி வழியா ஏறி எதிரெதிர் பெஞ்ச்ல முழங்கால் இடிக்க உக்கார்ற வண்டி. காசை பக்கத்துல இருக்கவங்க கையில குடுத்தா கை மாறி கை மாறி டிரைவர்கிட்ட போகும், மீதியும் அதே மாதிரி திரும்பி வரும், ஒரு பைசா குறையாது. குடுக்கும்போது "பாயாட் போ"ங்கணும், இறங்க "பாரா போ"ங்கணும். நம்ம காதுக்கு அந்தப் "போ" யாரையோ விரட்டுற மாதிரி கேக்குது, ஆனா அவங்களுக்கு அதுதான் மரியாதை, நம்ம "வாங்க போங்க"ல வர்ற "ங்க" மாதிரி. பழக ஒரு நாள் ஆகும்.

நாள் 2

இன்னைக்கு முழுக்க பினோண்டோ, அதாவது இங்க இருக்கிற சைனா டவுன். மெட்ரோ ரயில்ல கார்ரியேதோ ஸ்டேஷன்ல இறங்கி, மழைத் தண்ணி தேங்கின பிளாட்ஃபாரத்துல நடந்து, நகைக்கடை, மருந்துக்கடை, ஆவி பறக்க சியோபாவ் பன் விக்கிற கடையெல்லாம் தாண்டி ஓங்பின் தெருவுக்குள்ள போனேன்.

நான் தேடிப் போனது ஒரு முனை. படத்துல ஹூலியோ மடியாகாங்கிற மீனவப் பையன் மரிந்தூக்கே தீவுல இருந்து மணிலாவுக்கு வர்றான். அவன் காதலிச்ச லிகாயா பராயிசோவை, வேலை தர்றேன் படிக்க வைக்கிறேன்னு சொல்லி ஒரு பொம்பள கூட்டிட்டு வந்துடுறா, அப்புறம் தகவலே இல்ல. அவ பேருக்கு அர்த்தமே மகிழ்ச்சி, சொர்க்கம். அவளைத் தேடி வந்தவன் ஓங்பின் தெருவும் மிசெரிகோர்தியா தெருவும் சேர்ற முனையில நின்னு ஒரு கட்டடத்தோட மாடி ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருப்பான். நாள் கணக்கா. அவ அதுக்குள்ள இருக்காளான்னு கூட அவனுக்குத் தெரியாது. மிசெரிகோர்தியான்னா ஸ்பானிஷ்ல கருணைன்னு அர்த்தம், இப்ப அந்தப் பேரை மாத்தி தோமாஸ் மாபுவா தெருன்னு வெச்சிருக்காங்க. பழைய பேரைக் கேட்டா சின்னப் பசங்களுக்குத் தெரியல, பழக்கடை வெச்சிருந்த ஒரு தாத்தா மட்டும் உடனே கையைக் காட்டினார்.

நின்னேன். சுமாரா ஒரு மணி நேரம் குடையோட நின்னேன். தலைக்கு மேல கரன்ட் ஒயர், டெலிஃபோன் ஒயர் எல்லாம் தேன்கூடு மாதிரி தொங்குது, வண்டி சத்தம் காதை அடைக்குது, மாடி ஜன்னல்ல துணி காயுது. படத்துல வந்த ஜன்னல் இன்னும் இருக்கான்னு தேடல, எந்த ஜன்னலா இருந்தா என்ன. வேலை தேடி வந்த ஊர்ல முகம் தெரியாத ஒரு வீட்டை வெளிய நின்னு பாக்கிறது எப்படி இருக்கும்னு கொஞ்சம் புரிஞ்சுது.

அந்தப் படத்தோட முதல் சில நிமிஷம் கறுப்பு வெள்ளை. விடியக்காலை பினோண்டோ, கடைக்கதவு மூடியிருக்கு, குப்பை, குதிரை வண்டி, அப்படியே ஊர் முழிக்குது, முழிக்க முழிக்கக் கலருக்கு மாறுது. கேமராமேன் மைக் டி லியோன், எல்விஎன்ங்கிற பெரிய ஸ்டுடியோவோட குடும்பத்துப் பையன், படத்தைத் தயாரிச்சதும் அவர்தான், அப்ப முப்பது வயசு கூட ஆகல. பின்னாடி அவரே பெரிய டைரக்டர் ஆனார், 2025 ஆகஸ்ட்ல காலமானார்.

எனக்கு ரொம்ப வலிச்ச இடம் காதல் கதை இல்ல, கட்டட வேலை நடக்கிற பகுதி. ஹூலியோ பசியில மயங்கி விழுந்து சித்தாள் வேலைக்குச் சேருவான். பேரேட்டுல ஒரு தொகைக்குக் கையெழுத்து போடச் சொல்லிட்டு கையில அதைவிடக் கம்மியாக் குடுப்பாங்க. அதுமட்டும் இல்ல, சம்பள நாள் அன்னைக்கு "இன்னும் பணம் வரல, அவசரம்னா நான் தர்றேன், வட்டி பிடிச்சுக்குவேன்"னு மேஸ்திரி சொல்லுவான், அவங்க சம்பளத்தையே அவங்களுக்குக் கடனாத் தர்றது. இதுக்கு அங்க "தைவான்"னு ஒரு குழூஉப் பேரு. எட்கார்டோ ரேயஸ் எழுதின நாவல்ல இருந்து வந்த விஷயம் இது. இதை அப்ப அதிபரா இருந்த மார்கோஸோட ராணுவச் சட்டம் அமல்ல இருக்கும்போது, சென்சாரைத் தாண்டி, சாதாரண தியேட்டர்ல ஓட்டினார் ப்ரோக்கா.

ஒண்ணு சொல்லியே ஆகணும். படத்துல வில்லன் ஒரு சீனாக்காரன், ஆ டெக்னு பேரு, அவனை வரைஞ்ச விதம் அந்த மக்களுக்கு எதிரா இருக்குன்னு ரொம்ப நாளா விமர்சனம் உண்டு. பல தலைமுறையா அங்கயே வாழற மனுஷங்களுக்கு நடுவுல நின்னு யோசிச்சப்ப அந்த விமர்சனம் நியாயம்னுதான் பட்டுச்சு. எனக்கு உயிரான படம்தான், ஆனாலும்.

மதியம் ஒரு காரிந்தேரியாவுல சாப்பிட்டேன், நம்ம மெஸ் மாதிரி, பாத்திரத்தைத் தொறந்து பாத்து எது வேணுமோ கை காட்டணும். கடை வெச்சிருக்க அக்காவை இங்க "ஆத்தே"ன்னு கூப்பிடணும். ஆத்தேகிட்ட ப்ரோக்கா படத்துக்காக வந்திருக்கேன்னு சொன்னேன். "ஓ, ப்ரோக்கா! 'இனா கா நங் அனாக் மோ' எங்கம்மா பாத்துட்டு அப்படி அழுதாங்க"ன்னாங்க. நான் அந்தப் படம் பாத்ததில்ல. "மய்னிலா" பாத்திருக்கீங்களான்னு கேட்டேன், ஸ்கூல்ல போட்டாங்க, சோகமா இருக்கும்னுட்டு வேற ஆளுக்கு குழம்பு ஊத்தப் போயிட்டாங்க.

நாள் 3

இந்த்ராமுரோஸ். ஸ்பானிஷ்காரங்க கட்டின மதில் சூழ்ந்த பழைய ஊர், அதோட மூலையில பாசிக் ஆத்தங்கரையில சாந்தியாகோ கோட்டை. எல்லாரும் ஸ்பானிஷ் ஆட்சியை எதிர்த்து எழுதின ஹோசே ரிசாலுக்காக வர்றாங்க, 1896ல அவரைச் சுட்டுக் கொல்றதுக்கு முன்னாடி இங்கதான் அடைச்சு வெச்சிருந்தாங்க, கடைசியா நடந்து போன வழியில பாதச்சுவடு பதிச்சிருக்காங்க. அதுல யாரும் கால் வைக்காம ஓரமாத்தான் நடக்கிறாங்க, நானும் அப்படியே போனேன்.

எனக்கு வேண்டியது இடிஞ்ச சுவருக்கு நடுவுல இருக்கிற ராஜா சுலைமான் தியேட்டர். திறந்தவெளி மேடை. 1967ல செசில் கீதோத்தேங்கிற பெண் "பேட்டா"ங்கிற நாடகக் குழுவை ஆரம்பிச்சாங்க, அவங்க வீடு மாதிரி இருந்தது இந்த இடம். இங்கிலீஷ் நாடகம் போடறதுதான் கௌரவம்னு இருந்த ஊர்ல, ஜனங்க பேசுற மொழியில நாடகம் போடுவோம்னு வந்தவங்க. ப்ரோக்கா இங்க சேர்ந்தார். 1972 செப்டம்பர்ல ராணுவச் சட்டம் வந்ததும் செசில் நாட்டை விட்டுப் போக வேண்டியதாச்சு, அப்புறம் குழுவைத் தாங்கினவர் ப்ரோக்காதான்.

இதுக்கு முன்னாடி அவர் வாழ்க்கை எங்கெங்கயோ போயிருக்கு. யுனிவர்சிட்டி ஆஃப் பிலிப்பைன்ஸ்ல வக்கீல் படிப்புக்குன்னு போய் இலக்கியத்துக்கு மாறி, நடுவுல மார்மன் சபையில சேர்ந்து, மிஷனரியா ஹவாய் போய், மோலோகாய் தீவுல தொழுநோயாளிங்களை ஒதுக்கி வெச்சிருந்த குடியிருப்புல வேலை பாத்திருக்கார். அப்புறம் கொஞ்ச நாள் சான் ஃபிரான்சிஸ்கோ. அங்கயே தங்கிட்டிருக்கலாம், திரும்பி வந்துட்டார். 1970ல முதல் படம், "வான்டட்: பெர்ஃபெக்ட் மதர்", குடும்பப் படம், நல்லா ஓடுச்சு. அதுக்கப்புறம் 21 வருஷத்துல 60 படத்துக்கு மேல! இந்த எண்ணிக்கையை முதல்ல படிச்சப்ப நான் தப்பா எடுத்துக்கிட்டேன், பத்து நல்ல படம், மிச்சமெல்லாம் வயித்துப்பாட்டுக்கு, அதைக் கண்டுக்க வேண்டியதில்லன்னு. நேத்து ஆத்தே சொன்னது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

சுவர்ல பாசி, மேடையில தண்ணி. ஒரு ஸ்கூல் பசங்க கூட்டம் வந்து கத்திட்டு போச்சு, எதிரொலி நல்லா கேக்குது.

நாள் 4

தோண்டோ. இங்க போறதுக்கு எனக்கே தயக்கம் இருந்துச்சு. ஏழைங்க வீட்டை வேடிக்கை பாக்கப் போறது அசிங்கம், அதனால கேமரா எடுத்துட்டுப் போகல. திவிசோரியா மார்க்கெட் வரைக்கும் ஜீப்னி, அப்புறம் பெரிய ரோட்டுலயே நடந்தேன், சந்துக்குள்ள போகல.

1976ல "இன்சியாங்" எடுத்தது இந்தப் பகுதியில. முதல் காட்சியே பன்னி அறுக்கிற இடம், அந்த அலறல் இன்னும் காதுல இருக்கு. மாரியோ ஓஹாரா முதல்ல டிவி நாடகமா எழுதின கதை. குடிசைப் பகுதியில ஒரு அம்மா, ஒரு பொண்ணு, அம்மா தன்னைவிடச் சின்ன வயசு ஆள் ஒருத்தனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கிறா, அவன் பொண்ணைக் கெடுத்துடுறான், அம்மா பொண்ணு மேலயே பழியைப் போடுறா. அந்தப் பொண்ணு அமைதியா, அழகா, நிதானமாப் பழி வாங்குறா. ஹில்டா கொரோனெல் இன்சியாங்கா, மோனா லிசா அம்மாவா. வீட்டுல ஒதுங்க இடம் இல்ல, குழாயடியில வரிசை, ஊரே பாக்குது, ஊரே பேசுது, இதெல்லாம் கதைக்குப் பின்னணி இல்ல, இதுதான் கதையை நடத்துது.

அப்ப அதிபரோட மனைவி இமெல்டா மார்கோஸ் "உண்மை, நன்மை, அழகு"ன்னு பேசிக்கிட்டு இருந்த காலம். 1974ல மிஸ் யுனிவர்ஸ் போட்டி மணிலாவுல நடந்தப்ப வெளிநாட்டுக்காரங்க கண்ணுல படாம இருக்கக் குடிசைங்களுக்கு முன்னாடி தட்டி வெச்சு மறைச்சாங்க. அந்தத் தட்டிக்குப் பின்னாடிதான் ப்ரோக்கா கேமராவைக் கொண்டு போனார். 1978ல "இன்சியாங்" பிரான்ஸ்ல நடக்கிற கான் திரைப்பட விழாவுல டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட் பிரிவுல ஓடுச்சு, அங்க போன முதல் பிலிப்பைன்ஸ் படம் அதுதான். 1980ல "ஜாகுவார்" கான் போட்டிப் பிரிவுக்கே போச்சு, அதுவும் இந்த நாட்டுக்கு முதல் தடவை. அந்தப் பேரு மிருகத்தோடது மட்டும் இல்ல. காவல்காரனுக்கு இவங்க மொழி தகாலோக்ல "குவார்டியா", அதைத் திருப்பிப் போட்டு லோக்கல் பேச்சுல "ஜாகுவார்"ம்பாங்க. முதலாளிப் பையன் தன்னை நண்பனா நினைக்கிறான்னு நம்பி ஏமாந்து போற ஒரு வாட்ச்மேன் கதை.

சாயங்காலம் மழை வலுத்துச்சு, ரூமுக்கு வந்துட்டேன்.

நாள் 5

காலையில நாலரைக்கு எந்திரிச்சு கூபாவ் பஸ் ஸ்டாண்ட், அங்க இருந்து வடக்க நுவேவா எசிஹா மாகாணத்துல சான் ஹோசே. 160 கிலோமீட்டர் இருக்கும், ஆனா பஸ்ல அஞ்சு மணி நேரம் ஆச்சு. மணிலா தாண்டினதும் ரெண்டு பக்கமும் நெல்லு, நட்டு முடிச்ச வயலு, எருமை, தூரத்துல மலை. நாட்டோட நெற்களஞ்சியம்னு இந்த மாகாணத்தைச் சொல்றாங்க. வெங்காயமும் இங்கதான்.

ப்ரோக்கா 1939 ஏப்ரல் 3ல பிறந்தது தெற்க சோர்சோகோன்ல பிலார்ங்கிற ஊரு. அப்பா படகு கட்டுறவர், அம்மா டீச்சர். அப்பா சீக்கிரமே போயிட்டார், பையன் வளர்ந்தது இந்த சான் ஹோசேயில. சினிமாவை வெறித்தனமாப் பாத்து வளர்ந்தவர்.

ஊர்ல அவருக்குன்னு எதையும் தேடிப் போகல, சர்ச்சைச் சுத்தி, சதுக்கத்தைச் சுத்தி நடந்தேன். 1974ல அவர் "சினிமணிலா"ன்னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சு எடுத்த "தினிம்பாங் கா ங்குனிட் கூலாங்" படம் இந்த மாதிரி ஒரு சின்ன ஊர் கதைதான். தராசுல வெச்சுப் பாத்தோம், எடை குறையிறேன்னு பைபிள்ல வர்ற வாசகம் அது. கூவாலான்னு ஒரு பைத்தியக்காரப் பொம்பள, பெர்த்தோன்னு ஒரு தொழுநோயாளி, கல்லறைப் பக்கத்துல குடிசை போட்டு ரெண்டு பேரும் வாழறாங்க. வசதியான வீட்டுப் பையன் ஒருத்தன் அவங்களோட பழகுறான். ஊர்ல பக்தியான பெரிய வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து ஒழுக்கத்தைக் காப்பாத்தக் கிளம்புறாங்க. கூவாலா ஏன் பைத்தியமானா, அவ வயித்துப் பிள்ளையைக் கலைக்க வெச்சது யாருன்னு தெரிய வரும்போது, அது அந்தப் பையனோட அப்பா. மோலோகாய்ல பாத்த மனுஷங்களும் இந்த ஊர்ல பாத்த மனுஷங்களும் ஒரே கதைக்குள்ள வந்துட்டாங்கன்னு எனக்குத் தோணுது. கடைசியில அந்தப் பையன் பிறந்த குழந்தையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு ஊர் ஜனங்களுக்கு நடுவுல நடந்து போவான், ஒருத்தரும் அவன் கண்ணைப் பாக்க மாட்டாங்க. படம் பிரமாதமா ஓடுச்சு. ஆனா கம்பெனி ரொம்ப நாள் நிக்கல.

சர்ச் வாசல்ல ஒரு பாட்டி மாங்காய் நறுக்கி மீன் விழுது தடவி வித்துக்கிட்டு இருந்தாங்க. இவங்க மாங்காய்க்கு "மங்கா"ன்னுதான் சொல்றாங்க, நம்ம சொல்லுதான் மலாய் வழியா கடல் தாண்டி வந்திருக்கு. ரெண்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு திரும்பி பஸ் ஏறினேன், ராத்திரி ஒன்பதுக்கு ரூம்.

நாள் 6

கடைசி நாள், கெசோன் சிட்டி. ஜீப்னியிலதான் போனேன், வேணும்னேதான். 1985 ஜனவரி 28ல ஜீப்னி டிரைவர்ங்க ஸ்ட்ரைக்குக்கு ஆதரவாப் போன இடத்துல ப்ரோக்காவையும் இன்னொரு டைரக்டர் பென் செர்வான்டெஸையும் போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு. ஜாமீன் கிடையாது, ரெண்டு வாரத்துக்கு மேல உள்ள இருந்தாங்க. தேசத்துரோகம் தூண்டினதா அவங்க மேல போட்ட வழக்கை நடத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 1990 டிசம்பர்ல.

கைதுக்கு முந்தின வருஷம், 1984லதான் "பாயன் கோ: காபிட் சா பாட்டாலிம்" படத்தை நாட்டுக்குள்ள காட்ட விடாம சென்சார் இழுத்தடிக்க, பிரிண்ட்டை ரகசியமா வெளிய கொண்டு போய் கான் போட்டியில ஓட்டினார். அச்சகத் தொழிலாளி ஒருத்தன், பிரசவச் செலவுக்குப் பணம் இல்லாம, ஸ்ட்ரைக்குல சேரவும் முடியாம, கடைசியில முதலாளி வீட்டுத் திருட்டுக்குத் துணை போறான். நம்ம ஊர்ல முழுகுறவன் துரும்பைப் பிடிப்பான்னு சொல்றோம்ல, இவங்க பழமொழியில நெருக்கடியில மாட்டினவன் கத்தி முனையைப் பிடிப்பான். படத்துப் பேரு அதுல இருந்துதான். துரும்பு வெறுமனே காப்பாத்தாது, கத்தி கையையும் அறுத்துடும்.

மார்கோஸ் 1986ல ஓடினப்புறம் புது அரசியல் சட்டம் எழுத 48 பேர் குழுவுல அடுத்து அதிபரான கொராசோன் அகினோ ப்ரோக்காவையும் போட்டாங்க. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம்னு இருந்த வரியில "வெளிப்பாடு"ங்கிற வார்த்தையும் வேணும்னு நின்னு சேர்க்க வெச்சவர் அவர்தான். நாடகம், பாட்டு, சினிமா, ஓவியம் எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தை குடை. சேர்த்துட்டு, குழு போற போக்கு பிடிக்காம வேலை முடியிறதுக்குள்ள ராஜினாமா பண்ணிட்டு வந்துட்டார். 1989ல அகினோ ஆட்சியில ஆயுதம் தூக்கின கும்பல்கள் கிராமத்துல நடத்தின கொலைகளைப் பத்தி "ஓராப்ரோநோபிஸ்" எடுத்தார், அதையும் இங்க தியேட்டர்ல ஓட விடல. ஆட்சி மாறிடுச்சு, நம்ம ஆளுங்கதானேன்னு அவர் வாயை மூடிக்கல. அவர்கிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

பாந்தாயோக் நங் மங்கா பாயானி, சர்வாதிகாரத்தை எதிர்த்தவங்களுக்கான நினைவிடம். விழுந்து கிடக்கிற மகனைத் தாங்கிப் பிடிச்ச தாயோட பெரிய வெண்கலச் சிலை, பின்னாடி கறுப்பு கிரானைட் சுவர், பேரு பேரா வரிசை. நான் தேடறதைப் பாத்துட்டு வாட்ச்மேன் வந்தார், அம்பது வயசு இருக்கும். "யார் பேரைத் தேடறீங்க மேடம்?" சொன்னேன். நேரா கூட்டிட்டுப் போய் விரலை வெச்சுக் காட்டினார். எந்தப் படம் பிடிக்கும்னு கேட்டேன், "ஜாகுவார்"னு சொல்லுவார்னு நினைச்சேன். அவர் சொன்னது "இனா கா நங் அனாக் மோ". நோரா அவுனோரும் லோலிடா ரோட்ரிகெஸும் ஒரே வீட்டுல சண்டை போடுறதை டிவியில எத்தனை தடவை பாத்தேன்னு தெரியாது, எங்க வீட்டுல எல்லாருக்கும் வசனம் மனப்பாடம்னு சிரிச்சார்.

அங்க இருந்து ஈஸ்ட் அவென்யூ ரொம்பப் பக்கம். 1991 மே 22, நடுராத்திரி தாண்டி, அவர் வந்த கார் இந்த ரோட்டுல கரன்ட் கம்பத்துல மோதினதுல இறந்துட்டார். 52 வயசு. ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்னேன். ஆஸ்பத்திரி, ஆபீஸ், டிரைசிக்கிள், மழைக்கோட்டு போட்ட டெலிவரி பசங்க, எந்தக் கம்பம்னு கேக்கத் தோணல. 1997ல தேசியக் கலைஞர்னு பட்டம் குடுத்தாங்க, அவர் போய் ஆறு வருஷம் கழிச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ளைட். ரூம்ல உக்காந்து "இனா கா நங் அனாக் மோ"வைத் தேடிப் பிடிச்சேன், 1979 படம், சப்டைட்டில் இல்லாத காப்பிதான் கிடைச்சுது. கதையைத் தெரிஞ்சுக்கிட்டுதான் உக்காந்தேன்: பொண்ணு, அவ புருஷன், அவனோட தொடர்பு வெச்சுக்கிற பொண்ணோட அம்மா. "இன்சியாங்"கோட அதே மூணு பேரு, குடிசைக்குப் பதிலா நல்ல வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். வயித்துப்பாட்டுக்கு எடுத்ததுன்னு நான் ஒதுக்கி வெச்ச படத்துல அவர் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார், கான் பக்கமே போகாத ஜனங்ககிட்ட. வசனம் ஒண்ணும் புரியல, ரெண்டு பொம்பளைங்களும் கத்துறாங்க, அழறாங்க, திரும்பக் கத்துறாங்க. நோரா 2025 ஏப்ரல்ல போயிட்டாங்க, இங்க அந்தக் கண்ணு மட்டும் ஸ்கிரீனை விட்டு நகரல. "அனாக்"ங்கிற வார்த்தை ஒவ்வொரு தடவை வரும்போதும், பிள்ளைன்னு அர்த்தம், அது மட்டும் எனக்குப் புரியுது. டாக்ஸி வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, படம் பாதிதான் ஆயிருக்கு.